தோடோடு போன வெள்ளைக்கரு

கல்யாணமாகி நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் வந்த முதல் கிறிஸ்துமஸ். 2009. பாதிராப் பூசைக்குப் போய்விட்டு வந்து எல்லோரும் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தோம். விடிய நாலரைக்கு மாமி எழுப்பினார். ஆப்பமாவு பொங்கி நிற்கிறது, கோழிக்கறி ஒரு அடுப்பில் ஏறிவிட்டது, இனி முட்டைக்கறி.

"முட்டைய அவிச்சுத் தொலிச்சு வை மக்ளே, நான் தேங்காய வறுத்து அரைக்கேன்."

இருபத்துநாலு முட்டை. ஒன்றுகூடக் கடை முட்டை கிடையாது. பின்பக்கம் பலாமரத்தடிக் கூட்டில் அடையும் மாமியின் கோழிகள் இட்டது. வந்த மருமகளுக்கும் விருந்தாட்களுக்கும் என்று அந்த வாரம் முழுக்க ஒரு முட்டை விற்காமல் சேர்த்து வைத்திருந்தார். கடைசி ஆறேழு முட்டை முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் எடுத்தவை. ஒன்றில் வைக்கோல்கூட ஒட்டியிருந்தது.

நான் எனக்குத் தெரிந்தபடி செய்தேன். பெரிய அலுமினியப் பானையில் முட்டையை அடுக்கி, பச்சைத்தண்ணீர் ஊற்றி, விறகடுப்பில் வைத்தேன். விறகு ஈரம். கொதி வரவே அரைமணி நேரம் ஆனது. வெந்தது என்று தோன்றியதும் வெந்நீரைக் கொட்டிவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை மேலே ஊற்றி, கை சுடச்சுட உரிக்க உட்கார்ந்தேன்.

முதல் முட்டையில் நகத்தளவு தோடு வந்தது. அதன் உள்பக்கம் பட்டாணி அளவுக்கு வெள்ளைக்கரு ஒட்டிக்கொண்டு வந்தது. சரி, இது ஒன்று இப்படி என்று அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. தோட்டைப் பெயர்த்தால் சவ்வு வரவில்லை, சவ்வைப் பிடித்தால் முட்டையே வருகிறது. நாலாவது முட்டையில் மஞ்சக்கரு எட்டிப் பார்த்தது. இருபத்துநாலில் முழுசாகத் தேறியது ஐந்து. மற்றதெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி தட்டில் கிடந்தன.

மாமி வந்து பார்த்தார். "இதென்ன மக்ளே, எலி கரண்டுன மாதிரி கிடக்கு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "போவட்டு. ரெண்டா கீறி மசாலாக்குள்ள கமத்திப் போடு. எவனுக்குத் தெரியப் போவுது."

தெரிந்தது. மாமாவின் அக்கா ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "உன் மருமவளுக்கு நாரோல்ல முட்டை தொலிக்கச் சொல்லிக் குடுக்கலியா?" என்று மாமியிடம் கேட்டார். நாரோல் என்றால் நாகர்கோவில். அந்தக் கேள்வி அதன் பிறகு நாலைந்து கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பலகாரத்தோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது.

ஒரு விஷயம் இடையில். நான் பிறந்தது மாவட்டத்தின் கிழக்கே, நாஞ்சில்நாட்டுப் பக்கம். அங்கே நாங்கள் முட்டையை உரிப்போம், மேலே இருப்பது ஓடு. இங்கே மேற்கே முட்டையைத் தொலிப்பார்கள், மேலே இருப்பது தோடு. முதன்முதலில் மாமி "தோட்ட எங்க போட்ட?" என்று கேட்டபோது காதைத் தொட்டுப் பார்த்தவள் நான். பதினைந்து வருடத்தில் எனக்கும் தோடு பழகிவிட்டது. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டும் கலந்துதான் வரும்.

அந்த முட்டைகள் ஏன் உரியவில்லை என்பதற்கு விடை கிடைத்தது என் சித்தியிடம். அம்மாவின் தங்கை. பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் செய்து ஓய்வு பெற்றவள். சத்துணவில் முட்டை வந்தது 1989-ல். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. "முட்டை போடுக நாளுன்னா ஒரு பிள்ளை மட்டம் போடாது" என்பாள் சித்தி. 2010-லிருந்து பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்றானது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சித்திக்கும் கூட இருந்த ஆயாவுக்கும் தினம் 180 முட்டை. ஒரு முட்டைக்கு 20 நொடி என்று வைத்தாலும் 180-க்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் அவர்களிடம் கிடையாது. சோறும் சாம்பாரும் இறக்கியாக வேண்டும். அதனால் அவள் கையில் ஊறியிருந்தது வெறும் கைப்பழக்கம் அல்ல, நேரத்தைத் திருடும் வித்தை.

நான் கதையைச் சொல்லி முடித்ததும் அவள் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை, அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. "ஏ பிள்ள, அது எப்பம் போட்ட முட்டை?" என்று கேட்டாள்.

"அந்த வாரந்தான் சித்தி. நல்ல புது முட்டை."

"அதாம். புதுசு உரியாது. எங்களுக்கு வாறது நாமக்கல்லுல லாரி ஏறி, இறங்கி, ஏறி, ஒரு வாரம் பழகுன முட்டை. தட்டுனா கழண்டுரும்."

எனக்கு அநியாயமாகப் பட்டது. நாட்டுக்கோழி, வீட்டுக்கோழி, இன்றைக்கு இட்ட முட்டை என்று நாம் கூடுதல் காசு கொடுத்துத் தேடுகிறோமே, அந்தப் புதுமைதான் உரிக்கும்போது எதிரியா? ஆம், அப்படித்தான். பிறகு காரணத்தைத் தேடிப் படித்தேன்.

கோழி இட்ட அன்றைக்கு வெள்ளைக்கருவுக்குள் கரியமிலவாயு கரைந்து கிடக்கிறது. புத்தம்புது முட்டையை உடைத்தால் வெள்ளைக்கரு லேசாகப் பால் கலந்த மாதிரி மங்கலாக இருப்பது அதனால்தான். முட்டைத் தோட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மூடி சரியில்லாத சோடா பாட்டிலில் காற்று இறங்குவதுபோல, அந்தத் துளைகள் வழியாக வாயு நாளுக்கு நாள் வெளியேறுகிறது. வாயு போகப் போக வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறும். இட்ட புதிதில் பிஎச் அளவு 8-க்குப் பக்கத்தில் இருப்பது, சில நாளில் 9-ஐத் தாண்டிவிடும். புது முட்டையில் வேகும்போது வெள்ளைக்கருவின் புரதம் தோட்டின் உள்சவ்வை இறுகப் பிடித்துக்கொள்கிறது. காரம் ஏறிய முட்டையில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. மாமியின் கோழிகள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, ஈர விறகில்கூடப் பாதிக் குற்றம்தான்.

அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன். பச்சைத்தண்ணீரில் முட்டையைப் போட்டு மெல்ல மெல்லச் சூடேற்றினேன் அல்லவா, அதுதான் இரண்டாவது தப்பு. மெதுவாகச் சூடேறும்போது வெள்ளைக்கரு இறுகுவதற்கு முன்னால் சவ்வோடு ஒட்டிக்கொள்ள நிறைய நேரம் கிடைக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் இறக்கினால் ஓரத்து வெள்ளைக்கரு சட்டென்று இறுகி, சவ்வை விட்டு உள்ளே சுருங்குகிறது. ஒரே கோழியின் ஒரே நாள் முட்டையை இரண்டு விதமாகவும் அவித்துப் பார்த்துவிட்டேன். வித்தியாசம் கைக்குத் தெரிகிறது. இன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் இதுதான்: முட்டை பழசாக இருக்க வேண்டும், தண்ணீர் முதலிலேயே கொதிக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கையில் இருக்கிறதென்றால் கொதிதண்ணீர்.

கொதிதண்ணீரில் போட்டால் வெடிக்காதா என்று கேட்பீர்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே போட்டால் வெடிக்கும். அரைமணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். கையால் போடாமல் ஜல்லிக் கரண்டியில் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள். இறக்கும்போது முட்டை பாத்திரத்தின் அடியில் மோதக்கூடாது, பாதி வெடிப்பு அந்த மோதலில்தான். எல்லாம் உள்ளே போனதும் தீயைத் தணித்து, தண்ணீர் அலட்டாமல் மெல்லக் கொதிக்கும்படி வைக்க வேண்டும். பொங்கிப் புரளுகிற கொதியில் முட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அகலமான முனையில் ஊக்கால் ஒரு சின்னத் துளை போடுகிறவர்கள் உண்டு. அந்த முனையில்தான் காற்றறை இருக்கிறது, சூட்டில் விரியும் காற்று வெளியேற வழி கிடைக்கும் என்று கணக்கு. நானும் செய்து பார்த்தேன். வெடிப்பு கொஞ்சம் குறைந்தது, நின்றுவிடவில்லை. இப்போது செய்வதில்லை. ஒரு கைப்பிடி உப்பு மட்டும் போடுவேன். உப்பு உரிப்பதற்கு உதவும் என்று ஊரே சொல்கிறது. எனக்குத் தெரிந்து அதன் வேலை வேறு. விரிசல் விட்ட முட்டையிலிருந்து கசியும் வெள்ளைக்கருவை அங்கேயே இறுக்கி அடைத்துவிடும். தண்ணீர் முழுக்கப் பஞ்சு மிதக்காது.

நேரம்? 50 முதல் 55 கிராம் வரும் கடை முட்டை, அறைச் சூட்டில் இருந்தது, கொதிதண்ணீரில் இறக்கியதிலிருந்து கணக்கு. 7 நிமிடத்தில் வெள்ளை வெந்து மஞ்சள் தேன் மாதிரி இருக்கும். 9 நிமிடத்தில் மஞ்சள் நடுவில் மட்டும் ஈரம். 11 நிமிடத்தில் முழுக்க வெந்தது. மாமியின் சின்ன நாட்டுமுட்டைக்கு ஒரு நிமிடம் குறைத்துக்கொள்வேன். கறிக்கு என்றால் 10-லேயே எடுத்துவிடுவேன், குழம்பில் மறுபடி கொஞ்சம் வேகுமே. இந்தக் கணக்கெல்லாம் குளச்சலிலும் நாகர்கோவிலிலும் செல்லும், நாம் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறவர்கள், நம் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு தடவை குடும்பத்தோடு போனபோது தங்கின இடத்தில் இதே பத்து நிமிடக் கணக்கில் அவித்து, மஞ்சக்கரு ஒழுக ஒழுக வழித்துத் தின்றோம். கொதிக்கிறதே என்று நம்பியது என் தப்பு.

அதிகம் வேகவிட்டாலும் தொல்லை. மஞ்சக்கருவைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை வளையம் வரும். கெட்ட முட்டை என்று தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டதில்லை. வெள்ளைக்கருவில் இருக்கும் கந்தகம் சூட்டில் வாயுவாகி உள்ளே நகர்ந்து மஞ்சக்கருவின் இரும்போடு சேருகிறது, அந்தச் சேர்க்கையின் நிறம் அது. தின்றால் ஒன்றும் செய்யாது, பார்க்கத்தான் சகிக்காது. நேரத்துக்கு இறக்கி உடனே குளிரவைத்தால் வளையம் வராது.

இனி சித்தியின் குலுக்கல். இதைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன்.

வெந்நீரை முழுக்க வடித்துவிடுவாள். பானையில் முட்டை மட்டும். மூடியைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்துணியால் பற்றி, சோழி குலுக்குகிற மாதிரி குலுக்குவாள். மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில், வட்டமாக. கடகடவென்ற சத்தம் முதலில். நாலைந்து சுற்றில் அது கரகரவென்று மாறும். அந்தச் சத்தம் மாறியதும் நிறுத்திவிடுவாள். மூடியைத் திறந்தால் ஒவ்வொரு முட்டையிலும் வலை பின்னின மாதிரி விரிசல். "கடகடன்னா காணாது, கரகரன்னா போரும், அதுக்கு மேல ஆட்டுனா அவியல்" என்பாள். உடனே தொட்டித் தண்ணீரை மொண்டு பானை நிறைய ஊற்றுவாள். இரண்டு நிமிடத்தில் அந்தத் தண்ணீர் சூடாகிவிடும், கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீர். வீட்டில் ஐஸ் இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர் போதும். பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே ஊறட்டும்.

இந்த ஊறலில் இரண்டு காரியம் நடக்கிறது. வெந்த முட்டை குளிர்ந்து லேசாகச் சுருங்கும். விரிசல் வழியாகத் தண்ணீர் தோட்டுக்கும் வெள்ளைக்கருவுக்கும் நடுவே நுழையும். சுடச்சுட உரித்த நான் இரண்டையும் நடக்கவிடவில்லை. முழுக்க வேகாத முட்டையைக் குலுக்கினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உரிப்பது எப்போதும் தண்ணீருக்குள். அகலமான முனையைக் கட்டைவிரலால் அமுக்கினால் பொசுக்கென்று உள்ளே போகும், காற்றறை அங்கேதான். தோட்டைப் பிடிக்காதீர்கள். அதன் கீழே இருக்கும் சவ்வைப் பிடியுங்கள். வெள்ளையாக, ஈரக் காகிதம் மாதிரி இருக்கும். அது நகத்தில் மாட்டிவிட்டால் தோடு பின்னாலேயே ஒரு நாடாவாகச் சுற்றிக்கொண்டு வரும். சவ்வு மாட்டாமல் தோட்டை மட்டும் பெயர்த்துக்கொண்டிருந்தால் நாள் முழுக்கப் பெயர்க்கலாம். மாட்டவே இல்லையா? டீஸ்பூனின் குழிவை முட்டையின் வளைவோடு சேர்த்து உள்ளே விட்டு ஒரு சுற்று. சித்தி ஸ்பூன் தொட்டதில்லை. அவள் கட்டைவிரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்தே போயிருக்கிறது.

அடுப்பை மிச்சம் பிடிக்க நினைத்தால் இட்டலிச் சட்டி. இது நானாகக் கண்டுபிடித்தது என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான், யாராவது ஒரு பாட்டி எப்போதோ செய்திருப்பாள். தண்ணீர் கொதித்து ஆவி வந்ததும் இட்டலித் தட்டின் குழிகளில் முட்டையைப் படுக்க வைத்து மூடிவிடுங்கள். 12 நிமிடம். குழி முட்டைக்கென்றே செய்தது மாதிரி இருக்கும், உருளாது, முட்டாது, அதனால் வெடிப்பும் குறைவு. ஆவியும் சட்டென்று சூடேற்றுவதால் கொதிதண்ணீர் செய்கிற வேலையை அதுவும் செய்யும். புது முட்டையை அவித்தே ஆகவேண்டும் என்றால் நான் இதைத்தான் நம்புவேன். குக்கரில் வைத்தாலும் நன்றாக உரிகிறது, ஆனால் வெள்ளைக்கரு ரப்பர். எங்கள் மாவட்டத்தில் ரப்பர் மரத்தில் கிடைப்பதே போதும்.

வினிகர் ஊற்றச் சொல்கிறார்கள். வினிகர் தோட்டின் சுண்ணாம்பை அரிக்கும், முட்டை மேல் குமிழ் குமிழாக வரும், பார்க்க வேடிக்கை. உரிப்பதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சமையல் சோடாவும் அப்படியே. இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு வாயால் ஊதி முட்டையை வெளியே தள்ளுகிற வீடியோவை என் மகன் காட்டினான். விருந்தாளிக்குக் கொடுக்கும் முட்டையில் வாய் வைத்து ஊதுவதை மாமி பார்த்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பழைய முட்டைக்கும் ஒரு விலை உண்டு. நாளாக ஆக ஈரம் ஆவியாகிக் காற்றறை பெரிதாகும், அவித்த முட்டையின் அடி குழிந்திருக்கும். வெள்ளைக்கரு நீர்த்துப்போவதால் மஞ்சக்கரு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், இரண்டாகக் கீறினால் கோணலாகத் தெரியும். முதல் இரண்டு மூன்று நிமிடம் கரண்டியால் பையப் பைய உருட்டிவிட்டால் ஓரளவு நடுவில் நிற்கும். எத்தனை நாள் முட்டை என்று தெரியாவிட்டால் மாமியின் வழி: ஒரு பாத்திரம் தண்ணீரில் போடுவது. படுத்துக் கிடந்தால் புதுசு. அடியிலேயே நின்று கொஞ்சம் தலை தூக்கினால் வாரம் தாண்டியது, அவிக்க அருமையானது. மிதந்தால் கொல்லைக்கு. பிரிட்ஜில் இந்த முதிர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கு வையுங்கள். அவித்ததை மீதி வைக்க வேண்டுமென்றால் தோட்டோடு பிரிட்ஜில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும். வெளியே மேசையில் வைத்துவிட்டு மறக்கக்கூடாது, நம் ஊர்ச் சூடு அப்படி.

அப்புறம் கீறுவது. கத்தியில் மஞ்சக்கரு ஒட்டி இழுபடும். தையல் நூலை முட்டையைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு பக்கமும் இழுத்தால் கண்ணாடி மாதிரி வெட்டு. எங்கள் வீட்டு முட்டை அவியலுக்கு, முருங்கைக்காயும் தேங்காயும் சீரகமும் போட்டு வைப்பது, இந்த வெட்டு அவசியம். குழம்பில் முழுசாகப் போடும் முட்டைக்குக் கத்தியால் மேலே நாலு கீறல் போட்டால் மசாலா இறங்கும். இதை எழுதும்போது 2009-ன் என் முட்டைகளை நினைத்துக்கொள்கிறேன். அவற்றுக்குக் கீறலே தேவைப்படவில்லை. மசாலா எல்லாப் பக்கமும் இறங்கியிருந்தது.

மாமியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று ரொம்ப நாள் யோசித்தேன். உங்கள் புது முட்டை அவிக்க ஆகாது என்று ஒரு மருமகள் சொல்ல முடியுமா? கடைசியில் சித்தி ஒரு விசேஷத்துக்கு இங்கே வந்தபோது அவளே போட்டு உடைத்தாள். மாமி மறுக்கவில்லை. "எனக்குத் தெரியாதா? புதுசு பிள்ளைக்குப் பொரிச்சுக் குடுக்கதுக்கு, பழசு அவிக்கதுக்கு. அண்ணைக்கு விருந்தாளு வருதுன்னு கண்ணு மறைச்சுப் போச்சு" என்றார். பதினைந்து வருடத்தில் அன்றைக்குத்தான் அந்த முட்டைகளுக்குப் பாதிப் பொறுப்பு எனக்கு இல்லை என்றானது.

இப்போது டிசம்பர் பிறந்ததும் மாமி அடுக்களையில் இரண்டு கூடை வைப்பார். பத்தாம் தேதி முதல் இருபதாம் தேதி வரை எடுப்பது ஒரு கூடை, அதற்குப் பிறகு எடுப்பது இன்னொன்று. போன கிறிஸ்துமஸ் விடியலில் முதல் கூடையிலிருந்து 24 எண்ணிக் கொடுத்தார். தண்ணீர் கொதிக்கவிட்டு இறக்கினேன், சித்தி மாதிரி குலுக்கினேன், கிணற்றுத் தண்ணீரில் ஊறவிட்டேன். 23 முட்டை பளிங்கு மாதிரி வந்தது. ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு, தோட்டோடு பாதி வெள்ளைக்கரு போய், மஞ்சள் தெரிய நின்றது.

மாமி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோட்டுத் துண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நேத்து போட்டது. அந்தக் கறுத்த தள்ளைக் கோழிக்கு கூடை மாறிப் போச்சு கேட்டியா" என்று சொல்லிவிட்டு, அதை வாயில் போட்டுக்கொண்டு தேங்காய் வறுக்கப் போனார்.